குழந்தைகளிடம் பாடம் கேட்ட மேதை

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதிய எழுத்தாளர்கள் உலகில் பலர். குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த எழுத்தாளர்கள் சிலர். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்தவர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் தலையாயவர் இரசிய நாட்டு லியோ டால்ஸ்டாய் ஆவார். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' ஆகிய பெரும் புதினங்களைப் படைத்தவராகவும், வெண்தாடி தவழும் ஞானியாகவும் அவரை நாம் அறிவோம். ஆனால், உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்து நின்ற டால்ஸ்டாயை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட காலம் விந்தையானது. அப்போது நாம் குழந்தையும் அல்லோம், பெரியவரும் அல்லோம். நம் நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பருவம் அது. வளரும் அந்தப் பருவத்தைப் பற்றிய இலக்கியத்தை, வளர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கே எப்படிக் கற்பிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்டவர் டால்ஸ்டாய். அவர் வரலாற்றை அந்தக் கோணத்தில் நின்று இங்கே சொல்ல விழைகின்றேன்.

தாய் முகம் அறியாத பிள்ளை

மாஸ்கோ நகருக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், துலா என்னும் நகரை அடுத்து யாஸ்னயா பொல்யானா என்ற பண்ணை உள்ளது. அங்கே, 1828ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஒரு பிரபுவின் குடும்பத்தில் நான்காவது மகனாகப் பிறந்தார் டால்ஸ்டாய். இரண்டு வயது நிறைவதற்கு முன்பே தாயார் மறைந்தார். தாயின் முகம் அவர் நினைவில் தங்கவே இல்லை. 1837இல் தந்தையாரும் மறைந்தார். தூரத்து உறவினரான டாட்டியானா அம்மையார்தாம் அந்தப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே எண்ணி வளர்த்தார்.

மூத்த அண்ணன் நிகோலாய் கதை சொல்வதில் வல்லவர். உலகத்து மக்கள் அனைவரும் நோயின்றி, சண்டையின்றி, அன்போடு வாழ்வதற்கான இரகசியம் ஒன்று தமக்குத் தெரியும் என்றும், அதை ஒரு பச்சைக் குச்சியில் எழுதிப் பண்ணைக் காட்டின் பள்ளத்தாக்கு ஓரத்தில் புதைத்து வைத்திருப்பதாகவும் அவர் தம்பிமாரிடம் சொன்னார். அப்போது டால்ஸ்டாய்க்கு ஐந்து வயது. அந்தக் கதையை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

1844இல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் கீழ்த்திசை மொழிகள் பயின்றார், தேர்வில் தேறவில்லை. பிறகு சட்டத்துக்கு மாறினார். அதிலும் மனம் ஒன்றவில்லை. 1847இல் பட்டம் பெறாமலேயே ஊர் திரும்பினார். 1849இல், தம் பண்ணையில் உழைத்த அடிமை உழவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அந்தப் பள்ளி நெடுநாள் நடக்கவில்லை. ஆனால் விதை மண்ணில் விழுந்துவிட்டது.

வளர்ச்சியின் மூன்று படிகள்

1851இல் அண்ணனுடன் காக்கசஸ் மலைநாட்டுக்குச் சென்ற டால்ஸ்டாய், அங்கிருந்து எழுதியனுப்பிய முதல் நூல் 'குழந்தைப் பருவம்'. 1852இல் கவிஞர் நெக்ராசவ் நடத்திய இதழில் அது வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. முதலெழுத்துகள் மட்டுமே அச்சாயின. இதழாசிரியர் அதன் தலைப்பை 'என் குழந்தைப் பருவத்தின் வரலாறு' என்று மாற்றிவிட்டார். இளம் எழுத்தாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தனி மனிதனின் குழந்தைப் பருவத்தை அறிந்துகொள்ள யாருக்கு என்ன அக்கறை என்பது அவர் கருத்து. அவர் எழுத நினைத்தது வளர்ச்சி என்னும் பொது அனுபவத்தை. 1854இல் 'சிறுவப் பருவம்', 1857இல் 'இளமைப் பருவம்' என்று அதன் தொடர்ச்சிகள் வந்தன. நான்காவதாக ஒரு பகுதியும் திட்டத்தில் இருந்தது, அது எழுதப்படவில்லை.

இக்கதைகளின் நாயகன் நிக்கோலென்கா என்னும் சிறுவன். பத்து வயது நிறைந்து மூன்றாம் நாள் காலை, அவன் தூங்கும்போது வீட்டு ஆசிரியர் ஓர் ஈயை அடிக்கிறார். செத்த ஈ அவன் தலைமேல் விழுகிறது. அவனுக்குச் சினம் பொங்குகிறது. அடுத்த கணமே ஆசிரியரின் அன்பு முகத்தைக் கண்டு வெட்கம் வருகிறது. இவ்வளவுதான் முதற்காட்சி! போர் இல்லை, புயல் இல்லை. ஆயினும் ஒரு சிறுவனின் நெஞ்சில் வெறுப்பும் வெட்கமும் அன்பும் எப்படி நொடிக்கு நொடி மாறுகின்றன என்பதை அது காட்டிவிடுகிறது. ஏழை வீட்டுப் பையன் ஒருவனைப் பணக்காரப் பிள்ளைகள் சேர்ந்து துன்புறுத்தும் இடமும் அதில் உண்டு. நிக்கோலென்கா தடுக்காமல் நிற்கிறான். பின்னாளில் அதை எண்ணி வருந்துகிறான். நம் பள்ளி மைதானங்களில் இது நடக்காத நாள் உண்டா?

'சிறுவப் பருவ'த்தில், மாஸ்கோ செல்லும் வழியில், உடன் வளர்ந்த சிறுமி தாங்கள் ஏழைகள் என்பதை அவனுக்கு உணர்த்துகிறாள். உலகம் தன் குடும்பத்தைச் சுற்றிச் சுழலவில்லை என்பது அன்றுதான் அவனுக்குப் புரிகிறது. 'இளமைப் பருவ'த்தில் அவன் கணிதம் படிக்கப் பல்கலைக்கழகம் புகுகிறான். சைன், டேன்ஜென்ட், இன்டெக்ரல் முதலிய சொற்களின் ஒலி பிடித்துப்போனதால்தான் கணிதத்தைத் தேர்ந்தெடுத்தானாம்! கணித மாணவனாகிய எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்தது; ஆனால் அடுத்து வந்ததைப் படித்தபோது சிரிப்பு நின்றது. அழுக்கு நகமும் மலிவான உடையும் கொண்ட ஏழை மாணவர்களை அவன் இழிவாக எண்ணியிருந்தான். தேர்வு நெருங்கும்போது, அவர்கள் தன்னைவிட மிகுதியாகப் படித்தவர்கள், தெளிவாகப் புரிந்தவர்கள் என்று காண்கிறான். முடிவில் அவனே தேர்வில் தோற்கிறான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோர் இந்த அத்தியாயத்தை மறக்க முடியாது. ஒரு பிரபு, தம் வகுப்பாரின் செருக்கைத் தாமே தோலுரித்துக் காட்டியிருக்கிறார்.

யாஸ்னயா பொல்யானாவில் மணி ஒலித்தது

1859ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் டால்ஸ்டாய் மீண்டும் பள்ளி தொடங்கினார். கட்டணம் இல்லை. உழவர்கள் முதலில் நம்பவில்லை. பிரபு நம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவாரோ என்று அஞ்சியவர்களும் உண்டு. காலங்காலமாக ஏமாந்தவர்கள் இலவசமாக வருவதைக் கண்டு ஐயுறுவது இயல்புதானே!

1860, 1861 ஆண்டுகளில் அவர் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து, பெல்ஜியம் முதலிய நாடுகளுக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். அடிக்கு அஞ்சி, பொருள் புரியாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகளையே பல இடங்களில் கண்டார். அந்தப் பயணத்தின்போதுதான், கதை சொன்ன அண்ணன் நிகோலாய் காசநோயால் அவர் கண்ணெதிரே மாண்டார். 1861இல் இரசியாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர்களுக்கு எழுத்தறிவு வேண்டாமா? ஊர் திரும்பிய டால்ஸ்டாய் முழுமூச்சாகப் பள்ளியில் இறங்கினார்.

இரண்டு மாடிக் கல் கட்டிடம். வாசலில் ஒரு மணி. பொழுது புலரும் முன்பே மணி ஒலிக்கும்; பனியினூடே பிள்ளைகள் வருவார்கள். பதிவேட்டில் சுமார் 40 பெயர்கள். ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரோடு, பெரியவர் சிலரும் படித்தனர். பிள்ளைகள் வெறுங்கையோடு வரலாம், வீட்டுப்பாடம் இல்லை. பெஞ்சியிலோ தரையிலோ சன்னல் விளிம்பிலோ விரும்பிய இடத்தில் அமரலாம். தண்டனை என்பதே கிடையாது. பாடம் பிடித்துவிட்டால் இருட்டிய பின்பும் பிள்ளைகள் வீடு செல்ல மறுத்தனர். 1862இல், பள்ளியின் அனுபவங்களைச் சொல்வதற்கென்றே ஊரின் பெயரில் ஒரு மாத இதழையும் அவர் நடத்தினார். அவர் ஊக்கத்தால் அந்த வட்டாரத்தில் மேலும் பல சிறு பள்ளிகள் தோன்றின.

தோற்ற நூல்களும் வென்ற கதையும்

இலக்கியம் கற்பிப்பதில்தான் டால்ஸ்டாய் முதலில் திகைத்தார். புகழ்பெற்ற ராபின்சன் குரூசோவின் கதையைப் படிக்கச் செய்தார். புஷ்கின், கோகோல் ஆகியோரின் கதைகளையும் கொடுத்துப் பார்த்தார். நூல்கள் உயர்ந்தவை; பிள்ளைகளும் அறிவுள்ளவர்கள். ஆயினும் அவை நெஞ்சில் ஒட்டவில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும் சுவை போயிற்று.

வேறொருவராயின் பிள்ளைகளை மக்குகள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். டால்ஸ்டாய் குறையை வேறிடத்தில் தேடினார். பாட்டி சொல்லும் கதைக்கும் படித்தவர் எழுதும் நூலுக்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது. அதைக் கடக்கப் பாலமாக நூல்கள் இல்லை என்று கண்டார். மாடியில் விருந்து வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டால் பசித்தவன் என்ன செய்வான்?

ஒருநாள் அவர் ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். கரண்டியால் சோறு ஊட்டிவிட்டு, அதன் காம்பால் கண்ணைக் குத்துவது என்பது அப்பழமொழியின் பொருள். பிள்ளைகள் மலைத்தனர். அவரே எழுதத் தொடங்கினார். மெல்லச் சிலர் அவர் தோளருகே வந்து எட்டிப் பார்த்தனர். இது இப்படியில்லை, அது அப்படியில்லை என்று திருத்தத் தொடங்கினர். சற்று நேரத்தில் டால்ஸ்டாய் வெறும் எழுத்தராகிவிட்டார்! ஃபெத்கா, ஸ்யோம்கா என்னும் இரு சிறுவர்கள் சொல்லச் சொல்ல, இரவு நெடுநேரம் வரை எழுதினார். கதையில் வரும் ஓர் உழவன் பெண்களின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஃபெத்கா பிடிவாதமாகச் சொன்னான். அவசரத்தில் கைக்கு எட்டியதை எடுத்துப் போர்த்திக்கொண்டு வருகிற ஏழை வீட்டு மனிதன் அந்த ஒரு சொல்லில் உயிர்பெற்று நின்றான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனிடம் இவ்வளவு பெரிய கலையுணர்வா என்று டால்ஸ்டாய் நடுங்கிப்போனார். அன்றைய தினம் தமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின என்று பின்னர் எழுதினார்.

அந்தக் கையெழுத்துப் படியின் தாள்களை மற்றப் பிள்ளைகள் அறியாமல் விளையாட்டுக்குக் கிழித்துவிட்டனர். டால்ஸ்டாய் மனம் உடைந்தார். அதைக் கண்ட இரு சிறுவர்களும் அவர் வீட்டிலேயே இரவு தங்கிக் கதையை மீண்டும் சொல்லி முடித்தனர்.

பிறகு ஃபெத்கா, தந்தை பட்டாளத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பின் ஓர் ஏழைக் குடும்பம் படும் பாட்டை ஒரு சிறுவனே சொல்வதுபோல் ஒரு கதை படைத்தான். இதுவும் ஒரு குழந்தைப் பருவக் கதைதான். ஆனால் மாளிகையில் அல்ல, குடிசையில் நிகழ்ந்தது. உழவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்று தலைப்பிலேயே கேட்டு 1862இல் டால்ஸ்டாய் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மனம் பிள்ளைகள் பக்கமே சாய்ந்தது.

இங்கேதான் அவர் கண்ட உண்மை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வளரும் பருவத்து இலக்கியத்தைக் கற்பிப்பது என்பது, யாரோ வளர்ந்த கதையைப் படித்து வினாவுக்கு விடை எழுத வைப்பது மட்டுமன்று. உன் வாழ்வும் கதையாகத் தக்கதே என்று பிள்ளைக்கு உணர்த்துவதே அது.

நான் கண்ட சிறு சான்று

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. தாயார் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். எங்கள் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு நூல் இருந்ததில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி என்னும் சான்றிதழை வாங்கித் தந்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என் தந்தையார் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மாலை வேளைகளில், எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். தமிழ்ப் பாடத்தைப் படிக்கச் சொன்னால் வரிக்கு நான்கு இடத்தில் தடுக்குவான். பள்ளியை விட்டுவிட்டுப் போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு. டால்ஸ்டாய் செய்ததைப் படித்த பின்பு, அவன் வீட்டு மாடு கன்று ஈன்ற இரவைச் சொல்லச் சொன்னேன். மழை, அரிக்கன் விளக்கு, அவன் அம்மா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதது, கன்று எழுந்து விழுந்து எழுந்தது என்று கால்மணி நேரம் சொன்னான். சொன்னபடியே எழுதி அவன் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் ஓரிடத்திலும் தடுக்காமல் படித்தான்! மறுநாள் அந்தத் தாளை அவன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினானாம். அவன் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போவானா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவனே தாளும் பேனாவுமாக வருகிறான்.

அரிச்சுவடி எழுதிய பேராசான்

டால்ஸ்டாயின் பள்ளி அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது. 1862 ஜூலையில் அவர் ஊரில் இல்லாத நேரத்தில் காவல் படையினர் புகுந்து இரண்டு நாள் சோதனை நடத்தினர். இரகசிய அச்சகம் இருக்கிறதாம்! எதுவும் கிடைக்கவில்லை. டால்ஸ்டாய் மன்னருக்கே முறையிட்டார். எனினும் மனம் புண்பட்டது. அதே ஆண்டு திருமணமும் நடந்தது. பள்ளி மெல்ல ஓய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 'போரும் அமைதியும்' பிறந்தது.

அந்த மாபெரும் நூலை முடித்த பின் அவர் அடுத்துத் தேர்ந்த பணி எது தெரியுமா? பிள்ளைகளுக்கான அரிச்சுவடி! தாம் முன்பு கண்ட பள்ளத்துக்குத் தாமே பாலம் கட்டத் துணிந்தார். ஈசாப்பின் கதைகளையும் நம் இந்திய நாட்டுக் கதைகளையும் எளிய நடையில் திருப்பி எழுதினார். இயற்பியல், இயற்கை பற்றியும் சிறு பாடங்கள் எழுதினார். 1872இல் அரிச்சுவடி வெளிவந்தது. அதே ஆண்டு தம் வீட்டிலேயே மீண்டும் பள்ளி நடத்தினார். மனைவியும் மூத்த பிள்ளைகளும் ஆசிரியர் ஆயினர். 1875இல் திருத்திய 'புதிய அரிச்சுவடி' வந்தது. அவர் வாழ்நாளிலேயே அது இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது.

அதில் 'ஃபிலிப்போக்' என்றொரு சிறுகதை. வயது போதாது என்று வீட்டில் நிறுத்திவைக்கப்பட்ட பொடியன், அப்பாவின் பெரிய தொப்பியை மாட்டிக்கொண்டு, நாய்களுக்குத் தப்பித் தானே பள்ளிக்கு ஓடுகிறான். வாசலில் அஞ்சித் தயங்கி நிற்கிறான். உள்ளே போனதும் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்டுகிறான். சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு 'காக்கசஸ் கைதி' என்னும் கதை. மலைவாழ் மக்களிடம் சிறைப்பட்ட இரசிய வீரன் களிமண் பொம்மை செய்கிறான். தினா என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி அதை எடுத்துத் தாலாட்டுகிறாள். பின்பு, தன் தந்தையின் கைதி என்று தெரிந்தும், அவன் தப்பிக்க உதவுகிறாள். வீட்டார் சொல்லும் பகைக்கும் தன் நெஞ்சு சொல்லும் இரக்கத்துக்கும் நடுவே முதன்முறையாகத் தானே முடிவெடுக்கும் அந்தக் கணத்தில் தினா வளர்ந்துவிடுகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறேது? வாக்கியங்களோ மிகச் சிறியவை.

முதுமையில் கலை என்றால் என்ன என்று ஆராய்ந்து எழுதியபோது, டால்ஸ்டாய் தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றை நல்ல கலையன்று என்று தள்ளிவிட்டார். விலக்காக ஏற்றவை இரண்டே சிறு கதைகள். ஒன்று 'காக்கசஸ் கைதி'. மற்றொன்று 'கடவுள் உண்மையை அறிவார், ஆனால் காத்திருப்பார்'. இரண்டும் அரிச்சுவடிப் பணியின்போது எளிய வாசகருக்காக எழுதியவை!

தமிழரும் டால்ஸ்டாயும்

டால்ஸ்டாய்க்கும் தமிழுக்கும் உறவு உண்டு. 1908இல் அவர் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளின் இன்னா செய்யாமைக் கருத்துகளை எடுத்தாண்டார். அக்கடிதத்தைக் காந்தியடிகள் தம் இதழில் வெளியிட்டார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே, காலன்பாக் என்னும் நண்பர் தந்த நிலத்தில், காந்தியடிகள் 'டால்ஸ்டாய் பண்ணை'யை அமைத்தார். அறப்போரில் ஈடுபட்ட தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. அப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் நூலைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை வைத்துக் காந்தியடிகளே அவர்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தார். பாடநூலைவிட ஆசிரியரின் வாழ்வே பெரிய பாடம் என்பதை அங்கே அவர் கண்டார்.

அதே 1910ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், வீட்டைத் துறந்து புறப்பட்ட வழியில், அஸ்தாப்பவோ என்னும் சிறு தொடர்வண்டி நிலையத்தில் டால்ஸ்டாய் கண்மூடினார். அவருக்கு வயது 82. அவர் விரும்பியபடியே அண்ணன் பச்சைக் குச்சியைப் புதைத்ததாகச் சொன்ன காட்டில், பள்ளத்தாக்கு ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சிலை இல்லை, கல்வெட்டு இல்லை. புல் மூடிய மண்மேடு மட்டுமே. ஐந்து வயதில் கேட்ட ஒரு கதை 82 வயது வரை ஒரு மனிதனை வழிநடத்தியது என்றால், பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை சிறிய காரியமா?

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் பட்டம் பெற்றபின் பி.எட். படித்து ஆசிரியராகப் போகிறோம். கணிதமும் அறிவியலும் கற்பிக்கச் செல்வோருக்கும் சொல்கிறேன்: நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் ஒரு ஃபெத்கா உட்கார்ந்திருப்பான். வெளிப்பார்வைக்கு அவன் தடுக்கிப் படிக்கும் பையன். உள்ளே ஒரு கதை இருக்கும். அவனுக்கு எட்டுகிற நூலை எடுத்துக் கொடுப்போம். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். நேரம் இருந்தால், அவன் சொல்லச் சொல்ல எழுதியும் கொடுப்போம். உலகின் மாபெரும் எழுத்தாளர் ஒருவரே ஒரு சிறுவனுக்கு எழுத்தராக அமர்ந்தார் என்றால், நமக்கு அதில் என்ன குறைவு?